மூன்றாவது வாரம்

72 வயதில் எனக்கு முன் வைக்கப்பட்டிருக்கும் கேள்வி இது: டெஸ்டோஸ்டிரோன் ஊசியை இனியும் தொடர வேண்டுமா?

1994இல் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. மூக்கு வழியாக எடுத்தார்கள். கட்டியோடு சுரப்பியின் வேலையும் போயிற்று. அன்றிலிருந்து தைராய்டுக்கு ஒரு மாத்திரை, கார்டிசோலுக்கு ஒன்று, மூன்று வாரத்துக்கொரு முறை இடுப்பில் ஊசி. கடலை எண்ணெயில் கரைத்த 250 மில்லிகிராம், மெதுவாகத்தான் ஏறும். ஆண்மை என்று ஊர் பெரிதாகப் பேசுவது எனக்குக் கண்ணாடிக் குப்பியில் வருகிறது என்பதில் ஆரம்பத்தில் கூச்சம் இருந்தது. பிறகு பழகிவிட்டது.

சென்ற பரிசோதனையில் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 55 சதம். 54ஐத் தாண்டினால் ஊசியை நிறுத்திவைப்பது வழக்கம், ரத்தம் கெட்டிப்படுகிறது. டாக்டர் இளைஞர். "குறைந்ததும் அளவைக் குறைத்து மறுபடி ஆரம்பிக்கலாம். ஆனால் இந்த வயசில் இது தேவைதானா சார், யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். மாத்திரைகளைப் பற்றி இப்படி அவர் கேட்டதில்லை. அவை உயிர் சம்பந்தப்பட்டவை, இது இச்சை சம்பந்தப்பட்டது என்று கணக்கு. எலும்புக்கும் தசைக்கும் இது வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் கிழவனின் இச்சைதான் காரணம் காட்டியாக வேண்டியிருக்கிறது.

1889இல் பாரிஸில் பிரௌன்-செக்கார் என்ற உடலியல் அறிஞர், அவருக்கும் வயது 72, நாய், கினிப்பன்றி இவற்றின் விதைகளைப் பிழிந்த சாற்றைத் தனக்கே ஏற்றிக்கொண்டு, பலம் திரும்பிவிட்டதாக அறிஞர் சபையில் அறிவித்தார். அந்த நீர்ச்சாற்றில் ஹார்மோன் அநேகமாக இல்லை. டெஸ்டோஸ்டிரோன் பிரித்தெடுக்கப்பட்டதே 1935இல்தான். சிரிப்பது சுலபம். மருந்தில்லாமலே மருந்தின் குரலில் பேசிய மனிதர் அவர். என் சங்கடம் நேரெதிர். மருந்து இருக்கிறது, பேசுவது நானா அதுவா என்று தெரியவில்லை.

ஊசி போட்ட முதல் வாரத்தில் கேட்டால் தொடர வேண்டும் என்பேன். அந்த வாரங்களில் தினசரியோடு சண்டை பிடிப்பேன், பழைய நண்பர்களுக்குக் கோபமாகக் கடிதம் எழுதுவேன். மூன்றாவது வாரக் கடைசியில் அதே கேள்விக்கு 'எதற்கு' என்று தோன்றும். அந்த எதற்கில் துக்கமே இருக்காது. இருவரில் யார் பதில் சொல்வது? பற்றறுத்தல் என்று நாம் கொண்டாடுவதில் எவ்வளவு, வெறுமனே எண்ணெய் தீர்ந்துபோன மூன்றாவது வாரம் என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.

மனைவியிடம் கேட்டேன். "எனக்கு நின்னப்போ, வேணுமா வேண்டாமான்னு என்னை யாரும் கேக்கலை" என்றாள். அடுப்பில் பால் இருந்தது, போய்விட்டாள்.

இதை எழுதுவது ஊசியில்லாத ஏழாவது வாரத்தில். சதம் 51க்கு இறங்கியிருக்கிறது. நாளை பதில் சொல்ல வேண்டும். தொடரலாம், குறைந்த அளவில், என்று சொல்லப்போகிறேன். இது வேண்டும் என்கிறவனின் பதில் அல்ல. அவன் இப்போது இங்கே இல்லை. அவள் சொன்னது எனக்கு வலிக்கவில்லை. 31 வருஷமாக ஒரே வீட்டில் இந்த ஊசிக்குச் சாட்சியாக இருந்தவள் சொன்னது. வலித்திருக்க வேண்டும்.