எருக்குக்கு உறவுக்காரி

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், என் தங்கை வீட்டு முன்வாசலில் ஒரு செடி ஆரஞ்சு நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. அங்கே அதற்குப் 'பட்டர்ஃபிளை வீட்' என்று பெயர். பட்டாம்பூச்சிக் களை. தாவரவியலில் அஸ்கிளெப்பியஸ் டியூபரோசா. நம் எருக்கின் குடும்பம். பூவைக் கிட்ட வைத்துப் பார்த்தால் உறவு தெரிந்துவிடும். நெற்று வெடித்தால் அதே பட்டுப்பஞ்சு பறக்கும். கிள்ளினால் மட்டும் எருக்கைப்போல் பால் வடியாது.

பெயரிலேயே களை என்று எழுதிவிட்டார்கள். எங்கள் கரிசக்காட்டுப் பக்கமும் 'உன் வீட்டுல எருக்கு முளைக்க' என்பது வசவுதான்.

அந்த மாநிலத்தின் பட்டப்பெயரே பிரெய்ரி மாநிலம். ஆளுயரப் புல்லும் பூவுமாய்க் கிடந்த வெளி அது. 1830களில் பொட்டாவட்டோமி மக்களை மேற்கே விரட்டினார்கள். 1837இல் ஜான் டீர் என்ற கொல்லர் அங்கேதான் எஃகுக் கலப்பை செய்தார். சில பத்தாண்டுகளில் எல்லாம் சோளக்காடானது. கலப்பை போகாத ரயில் பாதை ஓரங்களிலும் பழைய கல்லறைத் தோட்டங்களிலும்தான் அந்தப் பூக்கள் மிஞ்சின. வீடுகளின் முன்னால் இப்போது இருப்பது வெட்டி வெட்டி ஒரே உயரத்தில் வைத்த புல்.

தங்கை முதலில் விதை வாங்கியது 2013இல். இந்த விதைக்குக் குளிர் வேண்டும். ஒரு மாதமாவது ஈரக்குளிரில் கிடந்தால்தான் நன்றாக முளைக்கும். ஈரத்துணியில் மடித்து ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்த தடவை பனிக்கு முன்னால் நேரடியாக மண்ணிலேயே தூவிவிட்டாள், வேலை மிச்சம். தண்ணீர் தேங்காத சரிவு போதும், உரம் வேண்டாம். முதல் வருஷம் ஒரு சாண் தண்டுதான் தெரியும். செடியின் உழைப்பெல்லாம் கீழே, கிழங்குபோல் இறங்கும் ஆணிவேரில். அதனால் பிடுங்கி இடம் மாற்றினால் பிழைப்பது கஷ்டம். பூவைப் பார்க்க இரண்டு, மூன்று வருஷம் ஆகும். வசந்தத்தில் மற்றதெல்லாம் பச்சை கட்டிய பிறகே தலைகாட்டும். செத்துவிட்டது என்று யாரும் கொத்திவிடாதபடி பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வைக்க வேண்டும்.

உவமை எனக்கு உடனே வந்துவிட்டது. கவிதை எழுதுகிறவளுக்கு அது தொழில் வியாதி. தங்கை தடுத்தாள்.

"என்னை வச்சு கவிதை எழுதிராத அக்கா. மண்ணுக்குள்ள இருக்கிறது அதோட சுபாவம். என்னை எட்டு வருஷம் உக்கார வச்சது கவர்மெண்ட்டு."

வேதியியலில் எம்.எஸ்ஸி. படித்து, இரண்டு வருஷம் கல்லூரியில் பாடம் நடத்தியவள். 2009இல் கணவரைச் சார்ந்தவள் என்ற ஹெச்-4 விசாவில் போனாள். வேலை செய்ய அனுமதி இல்லை. சமூகப் பாதுகாப்பு எண்கூட அவள் பெயரில் கிடையாது. 2015இல் விதி மாறியபோதும் கிரீன் கார்டு வரிசையில் ஒரு கட்டத்தைத் தாண்டியவர்களின் மனைவிமாருக்குத்தான் வழி திறந்தது. இவள் முறை 2017இல் வந்தது. அதுவரை ஊரிலிருந்து போன் செய்த ஒவ்வொருவரும் கேட்டது ஒரே கேள்வி: "சும்மாதானே இருக்க?" பெண்ணின் பொறுமை என்று நாம் பாராட்டுகிறவற்றில் எத்தனை இப்படி யாரோ போடாமல் வைத்திருந்த கையெழுத்து என்று அன்றிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

2019இல் குடியிருப்புச் சங்கத்திலிருந்து ஒரு கடிதம். முன்வாசலில் களை மண்டியிருக்கிறது, இரண்டு வாரத்தில் அகற்றாவிட்டால் அபராதம். கடிதம் அவள் வீட்டுக்காரர் பெயருக்கு மட்டும். அவர் நல்ல மனிதர், வம்பு வேண்டாம் என்று புல்வெட்டியை வெளியே எடுத்தார். தங்கை பதில் எழுதினாள். ஒவ்வொரு செடிக்கும் தாவரவியல் பெயர், வழக்குப் பெயர், உயரம். இரண்டடிக்குமேல் போகாத செடி எந்த விதியை மீறியது என்று ஒரு கேள்வி. மொனார்க் பட்டாம்பூச்சியின் புழு இந்த இனச் செடிகளின் இலையைத் தவிர வேறெதையும் தின்னாது என்று ஒரு பத்தி. கீழே அவள் பெயர் மட்டும். அதன்பிறகு கடிதம் வரவில்லை. நாட்டுச் செடிகளைச் சங்கங்கள் தடை செய்யக் கூடாது என்று இல்லினாய் சட்டம் போட்டது 2024இல்தான்.

மொனார்க்குக்கு நம் ஊரில் ஓர் உறவு உண்டு, வெந்தய வரியன். அது முட்டையிடுவது எருக்கில்.

வகுப்பில் மடலேறுதல் நடத்தும்போது இந்தச் செடியின் படத்தைக் காட்டினேன். எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, பனைமட்டைக் குதிரையில் தெருவுக்கு வந்து காதலைச் சொல்லும் உரிமை ஆணுக்கு. பெண்ணுக்கு அது கிடையாது என்று விலக்குகிறது தொல்காப்பியம். பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "அப்ப பொண்ணு எதைப் போட்டுக்கிட்டு மேம் தெருவுக்கு வர்றது?" வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அதையே உள்தேர்வில் கேள்வியாகக் கொடுத்தேன். வந்த விடைகளைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

தங்கை இப்போது ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறாள். போன வாரம் பேசினோம். சுற்றிலும் எல்லாம் துளிர்த்துவிட்டதாம். அதை மட்டும் காணோம்.

"குச்சி இருக்குல்ல?" என்றேன்.

"இருக்கு. மே வரட்டும்."