மோட்டார் ரூம் சுவரில் பென்னிகுவிக்

தேனியிலிருந்து குமுளிச் சாலையில் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என ஊர்கள் மாறிக்கொண்டே வந்தாலும் ஒரு முகம் மட்டும் கூடவே வருகிறது. டீக்கடைப் பலகையிலும் உரக்கடைச் சுவரிலும் அடர்ந்த மீசையோடு நிற்கிறார் கர்னல் ஜான் பென்னிகுவிக். 1895 அக்டோபரில் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியவர். அந்தத் தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரில் இருபோகம் விளைகிறது. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று பாலார்பட்டியில் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள்.

இந்த முகங்களில் பல இன்று ஃப்ளெக்ஸில் அச்சானவை. கையால் வரைகிறவர்களைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

கம்பத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில், ஊராட்சி மோட்டார் ரூம் சுவரில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய பெயிண்டர் ஒருவரும் உதவிக்கு ஓர் இளைஞரும். பழைய போஸ்டர்களைத் தண்ணீர் அடித்து ஊறவைத்து, தகட்டால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து முடித்திருந்தார்கள். "படம் வரையிறது அரை வேலைதான் தம்பி. சுவரைத் தயார் பண்றதுதான் முக்காவாசி" என்றார். கணக்கு இடித்தாலும் அவர் சொல்ல வந்தது புரிந்தது.

கையிலிருந்த சிறிய படத்தில் பேனாவால் கட்டம் போட்டிருந்தார். சுவரிலும் அதே எண்ணிக்கையில் கட்டங்கள். நீலப்பொடி தடவிய நூலை இருபுறமும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டார்கள். நேர்கோடு பளிச்சென்று விழுந்தது. ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே பார்த்துச் சாக்பீஸால் வரைந்துகொண்டே போனார். அருகில் நின்றால் வெறும் கோடுகள்தான். சாலையைத் தாண்டிப் போய்ப் பார்த்தால் ஆள் தெரிந்தார்.

மீசைக்கு முதலில் கரும்பழுப்பு. அது காய்ந்ததும், பிரஷில் இருந்த வெள்ளையைத் துணியில் துடைத்துவிட்டு, ஏறக்குறைய வறண்ட முனையால் மேலிருந்து கீழாக இழுத்தார். ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு கொத்து நரைமயிர் எழுந்தது. "வெயில் விழுற மேற்குச் சுவர் இது. சிவப்புதான் மொதல்ல வெளுக்கும். அதனால செவப்பக் கொறச்சுக்குவேன்" என்றார்.

டிரான்ஸ்பார்மர் கம்பங்களில் எண் எழுதிய அனுபவமும் அவருக்கு உண்டு. தெருவோர மின்பெட்டிகளில் படம் வரையலாமா என்று கேட்டேன். "தாராளமா வரையலாம். இரும்புன்னா துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடிச்சு, காஞ்ச பெறகு எனாமல். ஆனா ஈ.பி. ஆளு பக்கத்துல நிக்கணும். காத்துப் போற ஓட்டைய அடைக்கக் கூடாது. அபாயம்னு எழுதுன தகட்டு மேல ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. பொட்டி நம்பர் தெரியணும்." ஒரு கையேட்டில் இருக்க வேண்டிய விதிகளை அவர் நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டார்.

பெட்டிகளில் வரைவது புதிய யோசனை அல்ல. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் சிக்னல் பெட்டிகளுக்கு ஓவியம் தீட்டும் திட்டம் 1999இல் தொடங்கியது. அங்கே வரைகிறவர்களில் அந்தந்தப் பகுதி மக்களும் உண்டு. சென்னையில் அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர்களைத் தடுத்து மாநகராட்சி படம் வரையச் செய்தபோது, பேனர் ஓவியர்களுக்கு அந்த வேலை கிடைத்தது. கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்கள் 2020இல் பெரும் ஓவியங்களாயின. பெட்டியோ சுவரோ, அழகான பிறகு அதில் குப்பையைச் சாய்க்கவும் போஸ்டர் ஒட்டவும் கை கூசுகிறது.

தேனி மாவட்டத்தில் இப்படி வரையக் கலைஞர்களை வெளியே தேட வேண்டியதில்லை. ஃப்ளெக்ஸ் வந்தபின் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போய்விட்ட பலகை எழுத்தாளர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். "இப்ப எழுத்து வேலை வருசத்துக்கு ரெண்டு மூணு மாசம்தான். எலெக்சன் வந்தா கொஞ்சம் கூடும்" என்றார் அவர். உடனிருந்த இளைஞர் மற்ற நாட்களில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறார்.

நகராட்சிகளும் ஊராட்சிகளும் மின்வாரியமும் சேர்ந்து முடிவெடுத்தால் போதும். மின்பெட்டி, மோட்டார் ரூம், குடிநீர்த் தொட்டி ஒவ்வொன்றிலும் அந்த ஊரின் பன்னீர் திராட்சையோ, சுருளி அருவியோ, கௌமாரியம்மன் திருவிழாவோ வந்துவிடும். தன்னார்வப் பணி என்று இலவசமாகக் கேட்காமல் சதுர அடிக்கு நியாயமான கூலி கொடுங்கள். கீழே ஓவியர் தன் பெயரை எழுத ஒரு சாண் இடம் விடுங்கள்.