12 மீட்டர் போதும்

நாங்கள் மூவரும் முப்பது வயதைத் தாண்டித்தான் நீச்சல் கற்றோம். எங்கள் ஊரில் தண்ணீர் நின்ற கிணறுகள் எல்லாம் ஊர்த்தெருக்காரர்களுடையவை. சேரிப் பிள்ளைகள் அதில் இறங்க முடியாது. பின்னாளில் "நீச்சல்கூடத் தெரியாதா?" என்று நண்பர்கள் சிரித்தபோது, காரணம் சொல்லக் கூச்சப்பட்டோம்.

நகராட்சி நீச்சல் குளத்தில் கற்று, நிற்காமல் 200 மீட்டர் நீந்தி, 10 நிமிடம் மிதந்து காட்டி, ஸ்கூபா முக்குளிப்பின் முதல் சான்றிதழை வாங்கினோம். இரண்டு ஆண்டுச் சேமிப்போடு இந்தோனேசியாவின் பாலிக்குப் போனோம். அதன் வடமேற்கில், தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது மென்ஜாங்கன் தீவு. அங்குள்ள பவளச் சுவர் புதியவர்களுக்கும் ஏற்றது என்பதால் அதைத் தேர்ந்தோம்.

முதல் நாள் மாலை ஒரு படிவம் கொடுத்தார்கள். இதுவரை எத்தனை முறை முக்குளித்திருக்கிறீர்கள்? உண்மை: 6. எங்களில் ஒருவர் 20 என்று எழுதினார். மற்ற இருவரும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம். பழைய கூச்சம்தான். இரவு தூக்கம் வரவில்லை. காலையில் போய், அடித்து 6 என்று எழுதினோம். வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை. திட்டத்தை மட்டும் மாற்றினார். எங்கள் சான்றிதழுக்கு 18 மீட்டர் வரை அனுமதி உண்டு. "12 போதும்" என்றார்.

ஏன் என்றும் விளக்கினார். மணல் தரை உள்ள இடத்தில் தவறி மூழ்கினால் தரை தாங்கும். சுவரில் காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. 10 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. உடுத்திய வெட்சூட் நசுங்கும், மிதப்பு குறையும், இன்னும் வேகமாக இறங்குவோம். ஆகவே முதலில் திட்டின் மேற்பரப்பில் மிதப்பைச் சரிபார்த்த பிறகே விளிம்பைத் தாண்ட வேண்டும். மூச்சை எப்போதும் அடக்கக் கூடாது. 200 பார் காற்றில் 100 ஆனதும் ஆழம் குறைந்த பக்கம் திரும்ப வேண்டும். 50 மிச்சமிருக்க மேலே வர வேண்டும். ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு முறை இறங்கினால் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது.

கடைசியாக ஒரு விதி சொன்னார். யாரும், எப்போதும், எந்தக் காரணமும் சொல்லாமல் முக்குளிப்பை நிறுத்தலாம். கட்டைவிரலை மேலே காட்டினால் போதும். நீருக்கடியில் அதற்கு "மேலே போவோம்" என்று பொருள். எவ்வளவு அனுபவசாலியும் அதை மறுக்கக் கூடாது. தோழர்களே, நம் அமைப்புகளில், நம் களப்பயணங்களில் இந்த விதி உண்டா? "எனக்கு முடியவில்லை" என்று சொன்ன இளையவரை நாம் எப்படிப் பார்த்தோம்?

அன்று 11 மீட்டரில், விசிறிப் பவளம் ஒன்றின் எதிரே, எங்களில் ஒருவர் கட்டைவிரலைக் காட்டினார். 14 நிமிடம்தான் ஆகியிருந்தது. வழிகாட்டியோடு எல்லோரும் மெதுவாக ஏறினோம். 5 மீட்டரில் நின்றோம். படகில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். யாரும் காரணம் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அவரே எழுந்து, முகமூடியைக் கழுவத் தொடங்கினார்.