யார் கை வைத்தது?

செம்பூர், மும்பை

அன்புள்ள வாயாடி,

ஏட்டி, நீயும் வெப்லாஜிக் அட்மின் ஆகிட்டியாமே! உங்க அத்தையை மாட்டுங்கா பூ மார்க்கெட்டுல பார்த்தேன். மல்லிகைக்குப் பேரம் பேசுற சாக்குல உன் சம்பளம் வரைக்கும் சொல்லிட்டாங்க. தாராவி தொண்ணூறு அடி ரோட்டுல நாம ஒண்ணா டியூஷன் போன காலத்துலயே உனக்கு ஊர் வம்பு கேட்காட்டி சோறு இறங்காது. அந்தக் குணத்தை மட்டும் விட்டுடாத. இந்த வேலைக்கு அதுதான் மூலதனம்.

எங்க ஆபீஸ் கூத்தைக் கேளு. எந்த பேங்க்னு கேட்காத, பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் பக்கம்னு வச்சுக்க. மார்ச் கடைசி, வருஷக் கணக்கு முடிக்கிற நேரம். முக்கியமான அப்ளிகேஷனுக்கு டேட்டாபேஸ் கனெக்ஷன் பத்தலைன்னு புகார். எங்க டீம்ல ஒரு பெரியவர் இருக்கார், கெட்டிக்காரர்தான், ஆனா எதையும் எழுதி வைக்க மாட்டார். ரிப்போர்ட் அப்ளிகேஷனோட கனெக்ஷன் பூல்ல கொஞ்சம் குறைச்சு, அதை முக்கியமான அப்ளிகேஷனோட பூலுக்குக் கொடுக்கலாம்னு கணக்குப் போட்டார். வெப்லாஜிக் கன்சோல்ல ‘லாக் அண்ட் எடிட்’ அமுக்கி, குறைக்க வேண்டியதைக் குறைச்சு சேவ் பண்ணிட்டார். கூட்ட வேண்டியதைக் கூட்டுறதுக்குள்ள சம்சாரத்துகிட்ட இருந்து போன். எழுந்து போயிட்டார்.

அந்த நேரம் பார்த்து புனேயில இருந்து வந்த புதுப் பையன் வேற எதுக்கோ லாக் லெவலை மாத்திட்டு, ‘ஆக்டிவேட்’டை அமுக்கினான். பெரியவரோட பாதி மாற்றமும் சேர்ந்து அமலுக்கு வந்துட்டு! கிளைகள்ல ரிப்போர்ட் கேட்டவங்களுக்கெல்லாம் எரர். போன் மேல போன்.

பூட்டு போட்டிருக்கும்போது இன்னொருத்தன் எப்படி உள்ளே வந்தான்னு கேட்பே. பூட்டு ஆளுக்கு இல்லட்டி, பயனர் பேருக்கு. ரெண்டு பேருமே ‘வெப்லாஜிக்’ங்கிற ஒரே பேர்லதான் உள்ளே வந்திருந்தாங்க. ஒரே பேர்ல வந்தா ரெண்டு பேருக்கும் ஒரே எடிட் செஷன். அப்புறம் விசாரணை வச்சா, “சாமி சத்தியமா நான் ஆக்டிவேட்டைத் தொடலை”ங்கிறார் பெரியவர். “நான் பூல் பக்கமே போகல”ங்கிறான் பையன். ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதி உண்மை இருக்கு. ரெக்கார்டுல இருக்கிற ஒரே பேர் வெப்லாஜிக். அவனைக் கூப்பிட்டு விசாரிக்கவா முடியும்?

அதனாலதான் சொல்றேன். வெப்லாஜிக் டொமைனை உருவாக்குறது பெரிய வித்தை இல்ல. கான்ஃபிகரேஷன் விசார்ட் கேட்கிற கேள்விக்குப் பதில் சொன்னா ஒரு மத்தியானத்துல முடிஞ்சிரும். அதுல யார், எப்போ, எதை மாத்தினாங்கன்னு எப்பவும் தெரியும்படி வச்சிருக்கிறதுதான் வேலையே.

ஆளாளுக்குத் தனிப் பேர் கொடு. பார்க்க மட்டும் வேண்டியவனுக்கு ‘மானிட்டர்’, நிறுத்தி எழுப்புறவனுக்கு ‘ஆபரேட்டர்’, அப்ளிகேஷன் ஏத்துறவனுக்கு ‘டிப்ளாயர்’. ‘அட்மின்’ ரோல் ரெண்டொருத்தருக்குப் போதும். டொமைன் செட்டிங்ஸ்ல கான்ஃபிகரேஷன் ஆடிட் இருக்கும், போட்டு வை. பழைய கான்ஃபிகரேஷனை ஆர்க்கைவ் பண்ற வசதியையும் போடு, நேத்து எப்படி இருந்துச்சுன்னு பிரிச்சுப் பார்க்கலாம். டபிள்யூ.எல்.எஸ்.டி. ஸ்கிரிப்ட்ல எடிட் தொடங்கும்போது ‘எக்ஸ்குளூசிவ்’னு கேட்டு வாங்கு. அப்போ அதே பேர்ல இன்னொருத்தன் வந்தாலும் நுழைய முடியாது.

டொமைனை நிர்வகிக்கிற அட்மின் சர்வர் விழுந்துருமோன்னு ரொம்பப் பயப்படாத. அது எங்க பில்டிங் சொசைட்டி செக்ரட்டரி மாதிரி. அவர் ஊருக்குப் போனாலும் வீடுகள்ல அடுப்பு எரியும், ஆனா சுவரை இடிச்சுக் கட்ட கையெழுத்து கிடைக்காது. அட்மின் சர்வர் விழுந்தாலும் மேனேஜ்டு சர்வர்கள் ஓடிக்கிட்டேதான் இருக்கும். அதுகளை நிறுத்தி மறுபடி எழுப்பினாக்கூட, தன்கிட்ட இருக்கிற நகலை வச்சே எழுந்துக்கும். புதுசா எதையும் மாத்தத்தான் முடியாது. ஒண்ணே ஒண்ணு, டொமைன் ஓடும்போது கான்ஃபிக்.எக்ஸ்எம்எல்-ல நேரடியாக் கை வைக்காத. அட்மின் சர்வர் தன் நினைவுல இருக்கிறதை அது மேலேயே எழுதிட்டுப் போயிரும்.

கொஞ்சம் பரம்பரைக் கதையும் கேட்டுக்க. வெப்லாஜிக்கை 1998-ல பி.இ.ஏ. கம்பெனி வாங்குச்சு, அந்த பி.இ.ஏ.-வை 2008-ல ஆரக்கிள் 850 கோடி டாலருக்கு வாங்குச்சு. லாக்ல ஒரு த்ரெட் 600 செகண்டுக்கு மேல சிக்கிக் கிடந்தா ‘பி.இ.ஏ.-000337’னு வரும். கம்பெனி கைமாறி இத்தனை வருஷமாகியும் பழைய முதலாளி பேரை அது விடலை. நம்ம மும்பையில வளர்ந்த ஐ-ஃபிளெக்ஸ் கம்பெனியோட ஃபிளெக்ஸ்க்யூப் தெரியுமில்ல, உலகம் முழுக்க பேங்க்குகள்ல ஓடுதே? சிட்டி குரூப் கையில இருந்த ஐ-ஃபிளெக்ஸ் பங்கை 2005-ல ஆரக்கிள் வாங்குச்சு. இப்போ அந்த ஃபிளெக்ஸ்க்யூபும் வெப்லாஜிக் மேல ஓடுது. ரெண்டுமே ஆரக்கிள் விலை கொடுத்து வாங்கினதுதான்.

இன்னொரு விஷயம். 2020 அக்டோபர் 12-ஆம் தேதி மும்பையில கரண்ட் போய் லோக்கல் ரயிலெல்லாம் நின்னுச்சே, அதை இன்னைக்கும் எல்லாரும் பேசுறாங்க. அதே மாசம் 20-ஆம் தேதி ஆரக்கிள் வெளியிட்ட பேட்ச் பட்டியலைப் பத்தி எங்களை மாதிரி ஆளுங்களைத் தவிர யாரும் பேசல. அதுல இருந்தது வெப்லாஜிக் கன்சோல்ல ஒரு ஓட்டை. பாஸ்வேர்டே இல்லாம வெளியாள் மொத்த சர்வரையும் கைப்பத்தலாம். ஆபத்து மதிப்பெண் 10-க்கு 9.8. நவம்பர் 1-ஆம் தேதி இன்னொரு அவசர பேட்ச் வேற. ஆடிட், ஆர்க்கைவ்னு நான் அடுக்கினதெல்லாம் உள்ளே இருக்கிற ஆளுக்குத்தான். பேரே கொடுக்காம வர்றவனுக்கு அது எதுவும் ஆகாது. அதனால 7001 போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்காத. நிர்வாகத்துக்குன்னு தனி போர்ட் வச்சுக்க, பேட்சைத் தள்ளிப் போடாத. 14.1.2 பதிப்புல அந்தப் பழைய கன்சோலையே எடுத்துட்டாங்க. இனி ரிமோட் கன்சோல்தான், இப்பவே பழகிக்க.

வேலையில சேர்ந்ததும் முதல் காரியமா, ‘வெப்லாஜிக்’ பாஸ்வேர்டு எத்தனை பேருக்குத் தெரியும்னு விசாரி. டீ குடிக்கிற இடத்துல கேளு, மீட்டிங்ல கேட்டா ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான். பட்டியல் கிடைச்சா எனக்கும் எழுது, பேரோட.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரி

பி.கு.: செட்டா நகர் முருகன் கோயில்ல எங்க அம்மா உனக்கு ஒரு வரன் பார்த்து வச்சிருக்காங்க. பையன் டேட்டாபேஸ் பக்கமாம். எத்தனை கனெக்ஷன் தருவான்னு முதல்லயே பேசி முடிச்சுக்க. பின்னால கேட்டா எந்த டி.பி.ஏ.-வும் தர மாட்டான்.