யாருடைய சௌகரியம்?

உத்தியோகத்தில் இருக்கும் நண்பர்கள் இப்போதெல்லாம் ‘நெகிழ்வான வேலை நேரம்’ என்று ஒன்றைச் சொல்லிச் சந்தோஷப்படுகிறார்கள். காலை பத்து மணிக்கு நாற்காலியில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லையாம். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரலாம். வீட்டிலிருந்தே வேலையை முடித்து அனுப்பலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்கு இது புதுமை அல்ல. இங்கே ஆயிரக்கணக்கான பெண்களுக்கு எந்தக் கட்டாயமும் கிடையாது. இஷ்டமிருந்தால் வேலைக்குப் போகலாம்; இல்லாவிட்டால் வீட்டில் இருந்துவிடலாம். இருந்துவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை, அவ்வளவுதான்!

விடியற்காலையில் கம்பத்திலோ போடியிலோ நின்று பார்த்தால் தெரியும். கையில் தூக்குவாளியோடு பெண்கள் ஜீப்புக்குக் காத்திருப்பார்கள். கம்பம் மெட்டு, போடி மெட்டு, குமுளி வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி அந்த ஜீப்புகள் இடுக்கி ஜில்லாவின் ஏலத் தோட்டங்களுக்குப் போகும். ஏலக்காய் ஒரே நாளில் விளைந்துவிடுவதல்ல. செடியின் அடியில் படர்ந்த சரத்தில் முற்றிய காயை மட்டும் எடுத்துவிட்டு, பிஞ்சை விட்டுவைக்க வேண்டும். சில வாரம் கழித்து அதே செடிக்குத் திரும்ப வேண்டும். காய்க்காக மனிதர் காத்திருக்கலாம். மனிதருக்காகக் காய் காத்திராது.

“பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வாய்?” என்று ஒருத்தியைக் கேட்டேன்.

“ஆத்தாகிட்ட விட்டுட்டுப் போவேன்ணே. அதுக்கும் முடியலைன்னா இருந்துக்கிருவேன். வந்தே தீரணும்னு யாரும் சொல்றதில்ல” என்றாள்.

யாரும் எதுவும் சொல்லாத அந்தச் சுதந்திரம் எனக்குப் பயமாக இருந்தது.

ஐம்பது பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. மலைமேல் தொட்டில் கட்டச் சொன்ன சட்டம் அது. தினமும் மலையேறி இறங்குகிறவளின் குழந்தையோ அடிவாரத்தில் இருக்கிறது.

ஆலைத் தொழிலாளிக்கும் ஒரு முறை இந்த நெகிழ்ச்சி வந்து பார்த்தது. 2023 ஏப்ரல் 21ஆம் தேதி தொழிற்சாலைச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறாது. நாளைக்கு 12 மணி வீதம் நான்கு நாளில் முடித்துவிட்டு மூன்று நாள் ஓய்வாக இருக்கலாம் என்று விளக்கம் சொன்னார்கள். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றாம் நாள் திருத்தத்தை நிறுத்திவைத்தார்கள்; மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார்.

கணக்கில் பிழை இல்லை; 48 என்பது 48தான். ஆனால் திங்கட்கிழமை பசித்த குழந்தைக்கு வெள்ளிக்கிழமை சோறு போட முடியுமா?

நேரத்தை வளைக்கலாம் என்பதில் ஆட்சேபம் இல்லை. வளைப்பது யார் கை என்பதுதான் கேள்வி. ஒரு நாள் வராவிட்டாலும் அன்றைய சம்பளம் உண்டு, மறுநாள் தன் இடமும் இருக்கும் என்ற இரண்டு நிச்சயமும் உள்ளவருக்குத்தான் அது விடுமுறை. இல்லாதவர்களுக்கு அதன் பெயர் பட்டினி.