மூடித் தண்ணீர்

சொந்த ஊர் ஏற்காடு மலையில் வெள்ளக்கடை. வேலை பார்த்ததெல்லாம் வடசென்னையில், ஊசி வழியாகப் போதை ஏற்றிக்கொள்கிறவர்களோடு. களப்பணியாளர் என்பதுதான் கடைசி வரை என் பதவி. இப்போது ஊரோடு வந்துவிட்டேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது, "ஒரு ஆளுக்கு எத்தனை சிரிஞ்ச் கொடுக்கணும் அண்ணே?" என்பதுதான். எனக்கு வேலை பழக்கியவர் முதலில் காட்டித் தந்தது வேறு.

அவரே ஒரு காலத்தில் ஊசி போட்டவர்; மீண்டு வந்து சக பயிற்றுநராக ஆனவர். ரயில் பாதையோரம் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேர் கையிலும் உறை பிரித்த புது சிரிஞ்ச். அவர் என் முழங்கையைத் தொட்டுத் தரையைக் காட்டினார். தண்ணீர் பாட்டிலின் மூடி ஒன்று. அதில் கொஞ்சம் தண்ணீர், ஒரு துணுக்குப் பஞ்சு. நாலு ஊசியும் அதிலேதான் இறங்கி ஏறின. "ஊசி புதுசுதாம்பா, தண்ணி ஒண்ணுதானே?" என்றார், அவர்கள் காதில் விழாதபடி.

இந்த வேலையின் சூட்சுமம் அந்த மூடியில் இருக்கிறது. ஹெச்.ஐ.வி. கிருமி ரத்தத்துக்கு வெளியே சீக்கிரம் வலுவிழக்கும். ஹெபடைடிஸ் சி அப்படியல்ல. சிரிஞ்சுக்குள் தங்கிய ரத்தத்தில் அது 63 நாள் வரைகூட உயிரோடு இருக்கும் என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். மூடி, பஞ்சு, கையைக் கட்டும் கயிறு, குத்திய இடத்தை அழுத்திய விரல் எல்லாமே அதற்கு வழி. சென்னையில் ஊசி போடுகிறவர்களிடம் நடந்த ஆய்வுகளில் ஹெச்.ஐ.வி.யைவிட ஹெபடைடிஸ் சி அதிகம் இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே பையில் சிரிஞ்சோடு ஸ்பிரிட் ஸ்வாப், பஞ்சு, ஆளுக்கொரு ஸ்டெரைல் வாட்டர் ஆம்பியூல் இருக்கட்டும். ஆம்பியூல் வராத மாதங்களில் ஆளுக்கொரு மூடி, கொதித்து ஆறிய தண்ணீர். இதைச் சொல்லிக்கொடுக்க நாக்கைவிடக் கண் முக்கியம். அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்காமல் வாய் திறக்காதீர்கள்.

இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டதே சென்னையில்தான். 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் எடுத்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டன. ஊசிப் போதையின் கதை இதற்குப் பக்கத்திலேயே நடந்தது. பிரவுன் சுகர் புகைத்தவர்கள் தொண்ணூறுகளில் ஊசியில் ஏற்றும் புப்ரினார்ஃபின் என்ற வலிமருந்துக்கு மாறினார்கள். இன்று வலி மாத்திரையைக் கரைத்து ஏற்றுகிற பையன்கள். கரையாத துகள் நரம்பை அடைக்கும், சீழ்க்கட்டி வரும். கட்டிக்கு மருந்து வைத்துக் கட்டத் தெரிந்தவனிடம்தான் மனிதர்கள் ரத்தப் பரிசோதனையைப் பற்றிப் பேசுவார்கள். டிரெஸ்ஸிங் கற்றுக்கொள்ளுங்கள்.

கீழே கிடக்கும் ஊசியை எடுக்கும் கை தனியாகப் பழக வேண்டியது. மூடியை ஊசியில் திரும்பப் பொருத்தவே கூடாது. இடுக்கியால் நடுவில் பிடித்து, ஊசிமுனை உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி தூக்கி, துளைக்காத டப்பாவில் போட வேண்டும். டப்பாவைத் தரையில் வைத்துவிட்டுத்தான் போட வேண்டும், கையில் பிடித்துக்கொண்டல்ல. என் குரு இதைச் செய்யும்போது பக்கத்தில் யாரையும் நிற்க விடமாட்டார், பேசவும் மாட்டார். தவறிக் குத்திவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும். பிறகு தாமதிக்காமல் மருத்துவமனை. ஹெச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை வேலையில் சேரும்போதே போட்டுக்கொள்ளுங்கள். சி-க்குத் தடுப்பூசி கிடையாது.

பரிசோதனைக்கு அழைத்துப் போனால் இன்னொரு சங்கடம்: நரம்பு கிடைக்காது. ஹெச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்து லேப் டெக்னீஷியன் திணறும்போது, "எந்த நரம்பு நல்லா இருக்குன்னு நீயே சொல்லுப்பா" என்று கேட்கப் பழக்கியவர் என் குருதான். தன் கையை அந்த மனிதனைவிட அறிந்தவர் யார்? வெந்நீரில் கையை நனைத்துவிட்டு உட்கார வைத்தால் பாதி வேலை முடியும்.

"எனக்கு மஞ்சள் காமாலையே வந்ததில்லை" என்பார்கள். வந்தவர்கள், "கீழாநெல்லி குடிச்சேன், போயிடுச்சு" என்பார்கள். வாதாடாதீர்கள். ஹெபடைடிஸ் சி பல ஆண்டுகள் கண்ணுக்கும் தோலுக்கும் தெரியாமல் ஈரலைத் தின்னும் என்று மெதுவாகச் சொல்லுங்கள். முதல் பரிசோதனை பாசிட்டிவ் என்றாலே நோய் இருப்பதாக அர்த்தமில்லை. சிலருக்குக் கிருமி தானாகவே போயிருக்கும். ரத்தத்தில் கிருமியின் அளவை, அதாவது வைரல் லோடு, பார்த்த பிறகுதான் உறுதியாகும். 2018 ஜூலை 28 அன்று தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்த பிறகு பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஈரல் சுருங்காதவர்களுக்கு சோஃபோஸ்புவிர், டக்லாட்டாஸ்விர் 84 நாள். பெரும்பாலோருக்குக் குணமாகிவிடுகிறது. ஆனால் பழைய மூடிக்குத் திரும்பினால் நோயும் திரும்பும். அதனால்தான் மாத்திரையோடு, ஊசிப் போதைக்குப் பதிலாக மாற்று மருந்து தரும் ஓ.எஸ்.டி. சிகிச்சையும் சேர வேண்டும். ஓ.எஸ்.டி. மையத்தில் நர்ஸ் புப்ரினார்ஃபின் மாத்திரையைப் பொடித்து நாக்குக்கடியில் வைத்து, கரையும் வரை எதிரே உட்கார்ந்திருப்பார். அந்தச் சில நிமிடங்களில் ஆள் பேசுவதைக் கேட்டிருந்தால் பாதி கவுன்சிலிங் அங்கேயே நடந்துவிடும்.

சிரிஞ்ச் பையோடு போலீஸிடம் மாட்டுவது முன்பு சகஜம். 2018 செப்டம்பர் 10இல் நடைமுறைக்கு வந்த ஹெச்.ஐ.வி. சட்டத்தின் 22ஆம் பிரிவு, சுத்தமான ஊசி கொடுப்பது குற்றமல்ல என்கிறது. அதன் நகல் ஒன்று பையில் இருக்கட்டும்.

ஏற்காடு மலையில் இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று. ஹெச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறினால் ஒருநாள் கூலி போகும். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் யாரும் இறங்கமாட்டார்கள். பறிப்புக்கு முன்பே போய், நிலையாக மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரே தடவையில் கூடுதல் மாதத்துக்குத் தருவார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். பஸ் காசைப் பற்றியும் அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.