ஜன்னலோரத்துக் கண்ணாடிப் போத்தல்

எங்கள் வீட்டு ஜன்னலோரத்தில் ஒரு கண்ணாடிப் போத்தல் இருக்கிறது. ஐந்து லீற்றர் தண்ணீர் கொள்ளும். அதற்குள் மண்ணும் மணலும் மூன்று வகைச் செடிகளும் சில நத்தைகளும் ஏழெட்டுச் சின்ன இறால்களும் இருக்கின்றன. மோட்டர் இல்லை, காற்றுக் குழாய் இல்லை, மின்சாரச் செலவும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டு இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "இது எப்படி நாறாமல் இருக்கிறது?" என்பது ஒன்று. "நுளம்பு வராதா?" என்பது மற்றது. இரண்டாவது கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் இன்றைக்கும் என் நெஞ்சு ஒரு தரம் அடித்துக்கொள்ளும். அதற்குக் காரணம் உண்டு.

நான் பிறந்து வளர்ந்தது மாத்தளை நகருக்கு அருகில். கணவர் ஹோட்டலில் சமையல்காரர். வேலையின் பொருட்டுத்தான் சிகிரியாப் பக்கம் குடிவந்தோம். வாசலில் நின்றால் மரங்களுக்கு மேலே அந்தப் பெரிய குன்று தெரியும். வந்த புதிதில் அக்கம்பக்கத்தில் தமிழ் பேச ஆளில்லை. வீட்டில் பச்சையாக ஏதாவது இருக்கட்டும் என்று ஒரு பழைய போத்தலில் தண்ணீர் ஊற்றி மணிப்ளாண்ட் வைத்தேன். வாடும்போது தண்ணீர் சேர்ப்பேன். மாற்றியதில்லை.

2017 ஆம் ஆண்டு இலங்கையில் டெங்கு எப்படிப் பரவியது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஒரே ஆண்டில் 1,86,000 பேருக்கும் அதிகமானோர் நோயாளிகளாகப் பதிவானார்கள். 400 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜூலை மாதத்தில் எங்கள் மகனுக்கும் காய்ச்சல் கண்டது. அப்போது அவனுக்கு எட்டு வயது. வைத்தியசாலைக் கட்டிலில் அவன் கையைப் பிடித்தபடி, இரத்தத் தட்டுகளின் எண்ணிக்கை இன்றைக்கு எவ்வளவு என்று தாதி சொல்லும் வார்த்தைக்காகக் காத்திருந்த அந்த ஆறு நாட்களை நான் எழுத விரும்பவில்லை. பிள்ளை பிழைத்தான்.

வீடு திரும்பிய மறுநாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். கூரைப் பீலி, பழைய டயர், பூச்சட்டித் தட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தவர் ஜன்னலருகில் நின்றார். "நோனா, இங்கே வந்து பாருங்கள்" என்று சிங்களத்தில் அழைத்தார். மணிப்ளாண்ட் போத்தலுக்குள் மயிர்போல் மெல்லிய குடம்பிகள் வளைந்து வளைந்து நீந்திக்கொண்டிருந்தன. அவர் கோபப்படவில்லை. ஆனால் அவர் போன பிறகு நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். என் பிள்ளையைக் கடித்த நுளம்பு இதிலிருந்துதான் வந்தது என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாதே! அன்று முதல் எங்கள் வீட்டில் மூடியில்லாத தண்ணீர் ஒரு கோப்பை கூட இருந்ததில்லை. பூச்சாடிகளை எல்லாம் கொடுத்துவிட்டேன்.

மகன் கொண்டுவந்த ஆசை

2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சிகிரியாவுக்கு வெளிநாட்டவர் வரவு குறைந்தது. மறு ஆண்டு கொரோனா வந்தது. ஹோட்டல் மூடியது. குளம் வற்றியதும் பறந்துவிடும் பறவைகளையும், அங்கேயே ஒட்டிக் கிடந்து வாடும் கொட்டியையும் ஔவையார் மூதுரையில் ஒப்பிட்டிருக்கிறாரே, அது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் ஒட்டிக்கிடந்தோம். பாடசாலையும் மூடிக்கிடந்தது. பன்னிரண்டு வயதுப் பையன் நாள் முழுவதும் கைபேசியும் கையுமாக இருந்தான்.

ஒருநாள் வந்து நின்றான். "அம்மா, வேணாம்னு உடனே சொல்லாதீங்க. ஒரு போத்தலுக்குள்ள செடி வளர்க்கணும். தண்ணிக்குள்ள."

நான் உடனே வேண்டாம் என்றேன்.

அவன் விடவில்லை. தான் படித்ததை எல்லாம் சொன்னான். அதில் ஒரு கதை என்னைப் பிடித்துக்கொண்டது. கண்ணாடித் தொட்டியில் நீர்வாழ் உயிர்களை வைத்து ஆராயும் வழியை 1832 இல் கண்டுபிடித்தவர் ஒரு பெண்ணாம். பெயர் ஜான் வில்பிரு பவர். பிரான்சில் ஒரு செருப்புத் தொழிலாளியின் மகளாக 1794 இல் பிறந்தவர். பாரிஸில் தையல் வேலை செய்தவர். திருமணமாகி சிசிலித் தீவில் குடியேறிய பிறகு, அங்குள்ள கடலின் உயிர்களைப் பார்த்துப் பார்த்து ஆராய்ச்சியாளர் ஆனார். ஆர்கோனாட் என்ற கணவாய் இனப் பிராணி தன் ஓட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது, வேறு பிராணியிடமிருந்து எடுப்பதில்லை என்பதைத் தன் தொட்டிகளில் வைத்து நிரூபித்தார். ஊசி பிடித்த கை, ஊர் விட்டு ஊர் போய்க் குடியேறிய பெண், பார்த்துக்கொண்டே இருந்ததால் அறிஞரானாள் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

கணவரும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டார். ஒலிவ் காய் வந்த பெரிய கண்ணாடிப் போத்தல் ஒன்று ஹோட்டலிலிருந்து முன்பே வீட்டுக்கு வந்திருந்தது. நான் மூன்று நிபந்தனை போட்டேன். வாயை எந்நேரமும் வலைத்துணியால் கட்டியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் தண்ணீர் மாற்ற வேண்டும். ஒரே ஒரு குடம்பியைக் கண்டாலும் போத்தல் வெளியே போய்விடும்.

செய்த விதம்

சகோதரிகளே, செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக முறையைச் சொல்கிறேன்.

எரு, உரம் எதுவும் போடாத தோட்டத்து மண்ணைச் சலித்துக்கொள்ளுங்கள். அடியில் ஓர் அங்குல உயரம் போதும். அதன்மேல் நன்றாகக் கழுவிய பருமணல் ஓர் அங்குலம். மண் செடிக்கு உணவு, மணல் அதற்கு மூடி. மணல் இல்லாவிட்டால் தண்ணீர் சேறாகிவிடும். செடிகளின் வேரை விரலால் மணலுக்குள் செருகுங்கள். பிறகு ஒரு சிறு தட்டை உள்ளே வைத்து அதன்மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால் மணல் கலையாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒருநாள் வாளியில் வலைத்துணி மட்டும் கட்டி வைத்துவிட்டு ஊற்றலாம். எங்களுடையது கிணற்றுத் தண்ணீர். இந்த உலர் வலயத்துத் தண்ணீர் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். இங்குள்ளவர்கள் 'கிவுல்' என்பார்கள். நாங்கள் வாங்கிய செடிகள் அதைத் தாங்கிக்கொண்டன. ஆனால் ஆவியாகிக் குறையும் அளவுக்கு மட்டும் வடிகட்டிய தண்ணீரைச் சேர்க்கிறோம். இல்லாவிட்டால் உப்புகள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும்.

வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. வெயில் பட்டால் கண்ணாடியில் பாசி படரும், தண்ணீரும் சூடாகும். முதல் வாரம் மண்ணிலிருந்து சத்துகள் அதிகமாகக் கரையும். ஆகவே இரண்டு நாளுக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றினோம். உயிர்களை உடனே விடக் கூடாது. கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா அவற்றுக்கு நஞ்சு. அதை மாற்றிக் கெடுதல் குறைந்ததாக ஆக்கும் பக்டீரியாக்கள் மணலில் குடியேற நான்கைந்து வாரம் ஆகும். செடிகளும் அதை உறிஞ்சிக்கொள்ளும். மீன் ஆசை வேண்டாம். ஐந்து லீற்றர் ஒரு மீனுக்குச் சிறைதான். செடிகளோடு ஒட்டிவந்த நத்தைகளும் பிறகு விட்ட சிறு இறால்களுமே எங்களுக்குப் போதும்.

தம்புள்ளையில் உள்ள அலங்கார மீன் கடையில் வேலம்பாசியும், கொட்டி இனத்துச் செடி ஒன்றும், கிரிப்டோகொரைன் என்ற செடியும் வாங்கினோம். கொட்டிச் செடியைப் பார்த்த பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா, "எங்கள் கெக்கட்டியவின் உறவல்லவா இது! நாங்கள் கறி வைக்கிறோம், நீங்கள் அலங்காரம் செய்கிறீர்கள்" என்று சிரித்தார். கிரிப்டோகொரைன் வென்ட்டி என்பது இலங்கைக்கே உரிய செடி. உலகமெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் வளர்வதன் தாய்வீடு நம் நாட்டு ஓடைகள்!

கரைந்த இலைகள்

நான்காம் நாள் காலையில் மகன் அழாத குறையாக என்னை எழுப்பினான். கிரிப்டோகொரைன் இலைகள் எல்லாம் கண்ணாடிபோல் வெளிறிக் கூழாகிக் கரைந்துகொண்டிருந்தன. ஒரு வாரத்தில் ஓர் இலையும் மிஞ்சவில்லை. "செத்துப்போச்சு, பிடுங்கிடவா?" என்றான்.

கடைக்காரரிடம் கேட்டோம். "வேரைத் தொடாதீர்கள். அழுகிய இலையை மட்டும் எடுத்துவிடுங்கள். இடம் மாறினால் அது அப்படித்தான்" என்றார். தண்ணீரும் வெளிச்சமும் மாறினால் பழைய இலைகளை விட்டுவிடுவது இந்தச் செடியின் இயல்பாம். வேர் உயிரோடு இருந்தால் புதிய இடத்துக்கு ஏற்ற இலைகளை விடுமாம்.

இருபத்தைந்து நாள் வெறும் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வேலையில்லாமல் வீட்டிலிருந்த கணவர் காலைத் தேநீரை அங்கேயே நின்று குடிப்பார். ஒருநாள் அவர்தான் முதலில் கண்டார். அரிசி மணியளவில், பழுப்பும் பச்சையுமாய் ஒரு முளை. "இந்தா பாரு, இங்க வா" என்று அவர் கூப்பிட்ட குரலில் பல மாதங்களாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது. அதே செடி இப்போது போத்தலின் பாதியை நிறைத்து நிற்கிறது. நண்பகலில் வேலம்பாசியின் நுனியிலிருந்து பிராணவாயுக் குமிழ்கள் முத்து முத்தாக மேலே போகும்.

அதே ஆண்டு மாரி மழைக்காலத்தில் குன்றின் அடியிலுள்ள நீர்ப்பூங்காவுக்குப் போனோம். 5 ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அமைத்தது. துளையிட்ட சுண்ணாம்புக் கல் தட்டுகளுக்கு அடியில், நிலத்தடிக் கால்வாய்கள் வழியாக உயரத்திலிருந்து வரும் நீரின் அழுத்தத்தாலேயே அந்த ஊற்றுகள் நல்ல மழைக்காலத்தில் இன்றும் நீர் பீச்சுகின்றன. அருகிலேயே மிகச் சிறியதாக இன்னொரு நீர்ப்பூங்கா உண்டு. கூழாங்கல் தரையின் மேல் ஆழமில்லாத நீர் மெதுவாக ஓடும்படி கட்டியிருக்கிறார்கள். மகன் அதன் ஓரத்தில் வெகுநேரம் நின்றான். "ராசாவும் சின்னதா ஒண்ணு செஞ்சு பார்த்திருக்காரும்மா" என்றான்.

வெள்ளிக்கிழமை வேலை

இனி நுளம்பு விஷயம். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் வரை ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை என்பது வெறும் வழக்கம் அல்ல, கணக்கு. இன்னொன்றும் அறிந்திருக்க வேண்டும். அது முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில் ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினால் அது பொரித்துவிடும். சுவரைத் தேய்த்துத் துடைப்பதுதான் முக்கியம். நான் அன்று மணிப்ளாண்ட் போத்தலில் செய்யாதது அதுதான். பூச்சாடி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பிராணிகளுக்கு வைக்கும் கோப்பை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

எங்கள் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்து, நீர்மட்டத்துக்கு மேலுள்ள கண்ணாடியைச் சோப்பு படாத பஞ்சால் தேய்த்து, வலையைக் கழுவிக் கட்டுவோம். எடுத்த தண்ணீர் கறிவேப்பிலைக்குப் போகும். அதிகமாக வளர்ந்த செடியை வெட்டிக் காயவைத்துக் குப்பையில் போடுவோம். குளத்திலோ ஓடையிலோ போடுவதில்லை. 'ஜப்பான் ஜபர' எனும் ஆகாயத் தாமரை அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு நம் குளங்களை மூடிய கதை பழையது. அதைத் தடுக்க 1909 ஆம் ஆண்டிலேயே சட்டம் போட வேண்டியிருந்தது. அதுபோல, காட்டு ஓடையிலிருந்து செடி பிடுங்கி வருவதும் வேண்டாம். சிகிரியாவைச் சுற்றியுள்ளது சரணாலயம். அங்குள்ளது அங்கேயே இருக்கட்டும்.

மகனுக்கு இப்போது பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். கணவர் மறுபடி வேலைக்குப் போகிறார். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, இத்தனை ஆண்டுகள் சொல்லாததைச் சொன்னேன். "தம்பி, உனக்கு அந்தக் காய்ச்சல் வந்தப்போ, நான் வச்சிருந்த போத்தல்லதான் குடம்பி இருந்திச்சு."

அவன் கையை நிறுத்தவில்லை. "தெரியும்மா. அன்னைக்கு நான் கட்டில்ல முழிச்சுத்தான் இருந்தேன். நீங்க அழுததும் கேட்டிச்சு" என்றான். சற்றுப் பொறுத்து, "அதனாலதான் ஒரு வாரம்கூட இதை விடுறதில்லை" என்றான்.

நான் வலைத்துணியை எடுத்துக் கொடுத்தேன். அவன் வாங்கிக் கட்டினான்.